சாமியா? ஆசாமியா? "விடாது கருப்பு" நேயர்களிடையே இன்னும் தீராத தகராறு!

கருப்பு சாமி கொன்றதா? இல்லை, சாமி பெயரைச் சொல்லி ஆசாமி கொன்றானா?

1997-ல் சன் டி.வி.யில் ஓடிய "விடாது கருப்பு" மர்மத் தொடரைப் பார்த்தவர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் போதும். இந்தத் தகராறு இன்றைக்கும் கிளம்பி விடுகிறது! டீக்கடை பெஞ்சிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, ஆளுக்கு ஒரு கட்சி!

மர்ம எழுத்தாளர் இந்திரா சவுந்தர்ராஜன் எழுதிய நாவல்தான் இதற்கு மூலக்கதை. டைரக்டர் கே.பாலசந்தரின் கவிதாலயா தயாரித்த "மர்மதேசம்" வரிசையில் இது வந்தது. டைரக்டு செய்தவர் நாகா. சேத்தன், தேவதர்ஷினி முதலானோர் நடித்தார்கள். (இந்த இருவரும் பிற்பாடு நிஜத்திலேயே தம்பதி ஆகிவிட்டது நேயர்களுக்குத் தெரிந்த சங்கதி.)

கதை இதுதான்:-

ஒரு கிராமம். தப்பு செய்தவனைக் கருப்பு சாமி சும்மா விடாது என்பது ஊர் நம்பிக்கை. ராத்திரியில் குதிரை வருகிறது. அரிவாள் மின்னுகிறது. பொழுது விடிந்தால் பிணம்! படித்த பட்டணத்து ஆட்கள் அங்கே போய் "இதெல்லாம் மனுஷ வேலைதான்" என்று துப்புத் துலக்கப் பார்க்கிறார்கள். அன்று நடந்ததும் இன்று நடப்பதும் மாறி மாறி வந்து முடிச்சு மேல் முடிச்சு விழுகிறது.

முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் சண்டைக்கு வந்து விடுவார்கள்!

நாவலில் கெஞ்சல்! டி.வி.யில் மிரட்டல்!

முதல் தகராறு தலைப்பிலேயே தொடங்குகிறது.

நாவலின் பெயர் "விட்டுவிடு கருப்பா". டி.வி.க்கு வந்தபோது அது "விடாது கருப்பு" ஆகிவிட்டது.

முதலாவது, பயந்தவன் சாமி காலில் விழுந்து கெஞ்சுவது. இரண்டாவது, "எங்கே ஓடினாலும் விடமாட்டேன்" என்று மிரட்டுவது. ஒரே கதைதான். ஆனால் நாவல், மாட்டிக்கொண்டவன் பக்கம் நிற்கிறது. டி.வி., துரத்துகிறவன் பக்கம் நிற்கிறது!

"புஸ்தகத்துல படிச்சப்ப வந்த பயம் தனி. அது மனசுக்குள்ள வர்ற பயம்" என்பது நாவல் படித்தவர்கள் கட்சி.

"அந்த டைட்டில் பாட்டும் குதிரையும் புஸ்தகத்துல வருமா?" என்பது டி.வி. பார்த்தவர்கள் கட்சி. பாட்டு ஆரம்பித்ததுமே பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் பதுங்கிய காலம் அது. அப்புறம் தனியாகக் கொல்லைப்பக்கம் போக எவனுக்குத் தைரியம்?

கடைசியில் ஜெயித்தது டி.வி. தலைப்புதான். இன்று கடன்காரன் துரத்தினாலும், கோர்ட்டு வழக்கு துரத்தினாலும் ஜனங்கள் வாயில் வருவது "விடாது கருப்பு"தான்!

வாரம் ஒரு திகில்!

இது தினசரித் தொடர் அல்ல. வாரம் ஒரு தடவைதான். ஒரு வாரம் கரண்டு போய்விட்டால் அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் கதை கேட்கத்தான் வேண்டும்! நடுவில் இருந்த நாட்களில் வீட்டுக்கு வீடு துப்பறியும் நிபுணர்கள் முளைத்தார்கள். "அவன்தான் கொலைகாரன்", "இல்லை, அந்தக் கிழவி மேலதான் சந்தேகம்" என்று பந்தயம்கூட நடந்தது உண்டு.

இப்போது யூடியூபில் ஒரே மூச்சில் பார்க்கும் இளவட்டங்கள், "என்ன சார், இவ்வளவு மெதுவா போகுது?" என்று கேட்கிறார்கள். பழைய நேயர்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "மெதுவாகப் போனதால்தான் பயம் வந்தது" என்பது அவர்கள் பதில். இதிலும் நியாயம் இருக்கிறது.

கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டு!

கருப்பு சாமி டி.வி.க்காகக் கண்டுபிடித்த சாமி அல்ல. மதுரை அருகே அழகர்கோவிலில் பதினெட்டாம்படி கருப்பு இருக்கிறார். அங்கே சந்தனம் பூசிய கதவுக்குத்தான் பூஜை! கொடுக்கல்-வாங்கல் தகராறு, திருட்டு வழக்கு என்றால் அந்தச் சன்னதியில் வந்து சத்தியம் செய்யச் சொல்வது வழக்கம். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் அங்கே நாக்கு எழும்பாது.

மதுரையில் வாழ்ந்த இந்திரா சவுந்தர்ராஜனுக்கு இந்த நம்பிக்கை புதிதல்ல. ஒரு பக்கம் பக்தி, இன்னொரு பக்கம் பகுத்தறிவு, "முடிவு உங்கள் கையில்" என்று வாசகர்களிடமே விட்டுவிடுவது அவர் பாணி. 2024 நவம்பரில் அவர் காலமானபோது பலர் முதலில் நினைத்துக் கொண்டது இந்தக் கருப்பைத்தான்.

செத்தவன் கெட்டவன்தானே?

"சாமி விஷயத்தில் மனோதத்துவம் பேசி இருக்கக் கூடாது" என்று ஒரு சாரார் குறைப்படுகிறார்கள். "மூட நம்பிக்கையை வளர்த்து விட்டார்கள்" என்று இன்னொரு சாரார் குறைப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியது இந்தத் தொடர்!

ஆனால் இரண்டு கட்சியும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு.

ஒவ்வொரு கொலை விழும்போதும் நாம் என்ன செய்தோம்? "கெட்டவன்தானே செத்தான், வேணும் அவனுக்கு" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். கொன்றது சாமி என்றால் அது தண்டனை. கொன்றது மனிதன் என்றால் அது கொலை. அரிவாள் ஒன்றுதான். வெட்டும் ஒன்றுதான். "இவன் தப்பு செய்தவன்" என்று தீர்ப்புச் சொன்னது யார்? செத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

சன்னதியில் சத்தியம் கேட்கும் கருப்பு, அவனையும் ஒரு வார்த்தை பேச விடுகிறார். ராத்திரிக் குதிரையில் வரும் கருப்பு பேச விடுவதில்லை. சாமிக்கும் ஆசாமிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானோ, என்னவோ!

அடுத்த தடவை பார்க்கிறவர்கள், கொலைகாரன் யார் என்று தேடுவதோடு இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அந்தக் கேள்வி சுலபத்தில் விடாது!