கடுங்குளிர் வரும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

நவம்பர் பிறந்தால் ஒன்ராறியோவுக்கான குளிர்காலக் கணிப்புகள் வரத் தொடங்கும். “இம்முறை வழமையைவிட இதமாக இருக்கும்” என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், பல வீடுகளில் தடித்த சப்பாத்தும் கையுறையும் வாங்குவது தள்ளிப்போகும். அந்தக் கணிப்பு சொல்வது டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான மூன்று மாதச் சராசரியை. இதமான பருவத்திலும் நான்கைந்து நாள் ஆர்க்டிக் குளிர் வந்து போகலாம். விரல் உறைவதும் நெஞ்சு அடைப்பதும் அந்த நான்கைந்து நாளில்தான். உடலைக் காக்க உதவுவது அன்றன்றைய காலை முன்னறிவிப்பு.

குளிர் வரும் வழி

வட துருவத்துக்கு மேலே, மிக உயரத்தில், குளிர்காலம் முழுவதும் மேற்குக் காற்று வட்டமாகச் சுழல்கிறது. இந்தத் துருவச் சுழல் வலுவாக இருக்கும்வரை கடுங்குளிர் பெரும்பாலும் வடக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். குலைந்தால் தெற்கே இறங்கும். 2019 ஜனவரியில் அப்படி இறங்கியது. 30ஆம் திகதி சிக்காகோவில் வெப்பநிலை மைனஸ் 30 பாகையையும் தாண்டிக் கீழே போனது.

இப்படி இறங்கும் குளிர்காற்று உறையாத பேரேரிகளைக் கடக்கையில் நீரின் வெம்மையையும் ஈரத்தையும் அள்ளி, மறுகரையில் பனியாகக் கொட்டும். ஹியூரன் ஏரிக்கும் ஜோர்ஜியன் குடாவுக்கும் கிழக்கே உள்ள ஊர்கள் மூழ்கும்போது ரொறன்ரோ பெரும்பாலும் தப்பிவிடும். ஸ்காபரோவில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி, பரி பக்கமாக 400ஆம் நெடுஞ்சாலையில் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் வெண்திரையில் சிக்குபவர்கள் உண்டு. போகும் ஊரின் முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோ நகரை 2022 நத்தார் நாட்களில் பனிப்புயல் முடக்கியது. அந்த நகரம் அடங்கிய ஈரி கவுன்ரியில் 47 பேர் இறந்தார்கள். வாகனத்தில் சிக்கியவர்கள், ஹீற்றர் நின்றுபோன வீட்டில் இருந்தவர்கள், பனி தள்ளும்போது இதயம் நின்றவர்கள், அம்புலன்ஸ் வந்துசேர முடியாமல் போனவர்கள் என எல்லாரும் அதில் அடக்கம். புயல் வருகிறது என்று நாள்கணக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள் என்பதுதான் மனதை வருத்துகிறது.

வின்ட் சில்

முன்னறிவிப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். நம் உடலைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதால் தோல் எவ்வளவு வேகமாகக் குளிரும் என்பதை அது காட்டும். வெப்பநிலை மைனஸ் 15, காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் வின்ட் சில் மைனஸ் 27.

மைனஸ் 28இலிருந்து மைனஸ் 39 வரை, மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும். தென் ஒன்ராறியோவில் கடுங்குளிர் எச்சரிக்கை மைனஸ் 30 அளவில்தான் வருகிறது. எச்சரிக்கை வராத காலையிலும் பஸ் தரிப்பிடத்தில் அரை மணி நேரம் நிற்கும் பிள்ளையின் காது உறையக்கூடும்.

நம் தோலில் உறைவு

உறைந்த தோல் வெளுக்கும் என்று கையேடுகள் சொல்கின்றன. நமது மாநிறத் தோலில் அந்த வெளுப்பு எளிதில் பிடிபடாது. சாம்பல் பூத்ததுபோல மங்கி, மெழுகுபோல இறுகியிருக்கும். ஆகவே நிறத்தைவிட உணர்வை நம்புங்கள். பள்ளிக்கூட வாசலில் பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்த அம்மம்மா ஒருவர், “முதலில விறைச்சது, பிறகு நோ போட்டுது” என்று ஆறுதலாகச் சொன்னார். கழற்றிய கம்பளிக் கையுறை உருகிய பனியில் ஊறியிருந்தது. நடுவிரல் நுனியை அழுத்தினால் அவருக்குத் தெரியவில்லை. நோவு தானாக அடங்குவது ஆறிவிட்ட அடையாளம் இல்லை. உள்ளே ஓட வேண்டிய நேரம் அது.

உறைந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பனியால் உரசாதீர்கள், ஹீற்றரில் காட்டாதீர்கள். 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும், மரத்த கைக்குச் சூடு தெரியாது. திரும்பக் குளிருக்குள் போக வேண்டியிருந்தால் இளக்காமல் இருப்பதே மேல். இளகி மறுபடி உறைந்தால் சேதம் கூடும். உணர்வு திரும்பாவிட்டாலும் கொப்புளம் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கியவர்களுக்கு இந்த விறைப்பும் தெரியாது. வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். குளிருக்கென்று இரண்டு காலுறையைத் திணித்துச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விரைவாக உறையும்.

முதியவர்கள்

உடலின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு, குழப்பம் என்று அது வளரும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சோர்ந்தால் உடனே 911ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கு வெளியே போகாமலே, சரியாகச் சூடேறாத பேஸ்மென்டில் இருந்தபடியே இது வரலாம்.

வாசலில் பனி தள்ளுமுன்

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மாரடைப்புகளை ஆராய்ந்தார்கள். 20 செ.மீ. பனி விழுந்த மறுநாளில், பனி விழாத நாளோடு ஒப்பிட, ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்வது 16 சதவீதமும் அதனால் இறப்பது 34 சதவீதமும் கூடியிருந்தன. பனி தள்ளுவது பெரும்பாலும் ஆண்களே என்பதால் இப்படி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கையால் பாரம் தூக்கி மூச்சைப் பிடிக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் அவசரம் வேறு. மாநகர வண்டி தெருவை வழித்துவிட்டுப் போகையில் வாசலை அடைத்துக் கட்டிவிடும் வரம்புதான் எல்லாவற்றிலும் கனமானது. ஈரமும் உப்பும் கலந்து இறுகியிருக்கும். தெற்காசியர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது. நாற்பது தாண்டியவர், நீரிழிவோ அழுத்தமோ உள்ளவர் என்றால் அந்த வரம்பைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் விடுவதில் வெட்கம் இல்லை. தானே செய்வதானால் கொட்டக் கொட்டக் கொஞ்சமாகத் தள்ளுங்கள், தூக்கி எறியாதீர்கள். நெஞ்சு இறுகினால், தாடையோ இடது கையோ உளைந்தால், ஷவலைப் போட்டுவிட்டு 911.

அடைத்த வீட்டுக்குள்

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. சூடு தேடிக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும், கராஜில் ஜெனரேட்டர் ஓட்டுவதும் அப்போதுதான். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பனி கொட்டியபின் ஃபர்னஸ் குழாயின் வெளிவாயையும் காரின் புகைக்குழாயையும் துப்புரவாக்கிவிட்டே இயக்குங்கள். கார்பன் மோனாக்சைட் அலாரத்தின் பற்றரியை இன்றே பாருங்கள். வாடகை பேஸ்மென்டில் அலாரம் இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால் கதவைத் திறந்து வெளியேறி, வெளியே நின்று 911ஐ அழையுங்கள்.