கொட்டலசுக் கீறலும் கல்லீரலும்

காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகை ஒதுக்கும்போது கொட்டலசு விரலைக் கீறிவிடும். ஓடுள்ள கடலுயிரிதான், ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி. வலையிலிருந்து ஓலைக்கால் நண்டு பிரிக்கிறவர்களுக்கும் கீறல் அன்றாடம். துணியைச் சுற்றி அழுத்தினால் ஐந்தாறு நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடும். அந்த அடைப்புக்கான சரக்கில் பெரும்பகுதி கல்லீரலில் தயாரானது.

முதலில் பிளேட்லெட்டுகள் ஓட்டையில் வந்து ஒட்டும். பிறகு ஃபைப்ரின் இழைகள் மேலே வலை பின்னும். இழைக்கான மூலப்பொருளையும், அதைப் பின்னவைக்கும் உறைகாரணிகளில் பெரும்பாலானவற்றையும் செய்வது கல்லீரல். ஆண்டுக்கணக்கான குடியில் அது தழும்பேறிச் சுருங்கினால் உற்பத்தி படுத்துவிடுகிறது. ஏழாம் காரணி ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். ஆகவே முதலில் குறைவது அதுதான். கல்லீரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்க, அது பிளேட்லெட்டுகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிளேட்லெட்டுகள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையையும் சாராயம் நேரடியாகவே அமுக்குகிறது. மைக்ரோலிட்டருக்கு 1,50,000-க்கு மேல் இருக்கவேண்டிய பிளேட்லெட் 50,000-க்கும் கீழே இறங்குவதுண்டு.

சரியாகச் சாப்பிடாததாலும் பித்தம் குறைவதாலும், சில உறைகாரணிகளுக்குத் தேவையான வைட்டமின் கே பற்றாமல் போகலாம். அந்த வைட்டமின் ஊசி போட்டதும், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். இறங்கினால் குறை அதில்தான். இறங்காவிட்டால் பட்டறையே பழுது.

ஐ.என்.ஆர். 2 என்று தாளில் கண்டதும் "ரத்தம் தண்ணியாயிருச்சு" என்பார்கள் வீட்டில். பாதிக் கணக்கு அது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரதம் சி, ஆன்டித்ராம்பின் போன்றவையும் அதே கல்லீரலின் சரக்கே. அவையும் சேர்ந்தே குறைகின்றன. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோருக்காக வந்த ஐ.என்.ஆர். இந்தக் குறைவைப் பார்ப்பதே இல்லை. போதாததற்கு, பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி கல்லீரல் பழுதானவர்களிடம் கூடியிருக்கும். கல்லீரல் செயலிழந்தோருக்குப் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்வதில் இந்தக் காரணிக்கு முக்கிய இடம் உண்டு.

இருபக்கச் சரக்கையும் இறக்கிய வள்ளம் மாதிரிதான் இவர்கள் ரத்தம். நேராக மிதக்கும், ஆனால் சின்ன அலைக்கும் ஆடும். ஒரு கிருமித்தொற்று போதும். ஈறு கசிகிற அதே ஆளுக்கு, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்து அடைப்பதும் நடக்கிறது.

ரத்த வாந்தி வேறு கதை. அது பெரும்பாலும் உணவுக்குழாயில் புடைத்த சிரை அழுத்தம் தாங்காமல் வெடிப்பது. பிளாஸ்மாவைப் பை பையாக ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தைச் செலுத்திக்கொண்டே, எண்டோஸ்கோப்பி வழியாக அந்தச் சிரையில் ரப்பர் வளையம் மாட்டி இறுக்குவார்கள். அதற்கு நேரம் முக்கியம். ஈறுக்கசிவுபோல் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.