அப்புத்தளைக்கு ஒரு வாசல், பதுளைக்கு ஒரு வாசல்

ஊவாவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது யன்னல்கள்தான். மாடிக்கு மாடி, இரு பக்கச் சுவர்களிலும் வரிசை பிசகாமல் ஓடும் யன்னல்கள். மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். பறித்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால்வாசி தண்ணீர். அதில் ஒரு பங்கைக் காற்று கொண்டுபோனால்தான் இலை ரோலரில் நொறுங்காமல் சுருளும். எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எந்த யன்னலைத் திறந்து எதைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கட்டடங்களை எழுப்பியவர்களுக்கு அத்துபடி. அதே தோட்டத்தில், அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களுக்கென்று கட்டிய லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். காற்று உள்ளே வர ஒரு கதவு, வெளியே போகவும் அதே கதவு. பகலிலும் பல்பு எரிய வேண்டும். அடுப்புப் புகை வெளியேறாமல் கூரையடியில் படிந்து நிற்கும். காற்றைப் படிக்கும் வித்தை மலைநாட்டில் இல்லாமலில்லை, வீட்டுக்கு அது பயன்படுத்தப்படவில்லை என்பதுதான் விஷயம்.

சீனர்கள் அந்த வித்தைக்கு வைத்த பெயர் ஃபெங் சுயி. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். இன்று இந்தப் பெயரில் கொழும்புக் கடைகளில் விற்பவை வேறு: கிணுகிணுக்கும் குழாய்கள், காசு கவ்விய தேரை, கண்ணாடிக் குவளையில் அதிர்ஷ்ட மூங்கில். (அந்த மூங்கில் மூங்கிலே அல்ல, ஆபிரிக்காவிலிருந்து வந்த திரசீனா என்ற செடி.) ஆனால் பழைய ஃபெங் சுயியின் அடிப்படை விதி ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்னால் மலை, முன்னால் நீர், வாசல் தெற்குப் பார்த்து. இதில் மாயமில்லை. பீக்கிங் 40 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு வானில் 27 பாகை உயரத்துக்குக்கூட வராது. தெற்கு வாசல் வழியே வெயில் அறையின் ஆழம்வரை போய்த் தரையைச் சூடாக்கும். வடக்கே சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்றை மலை தடுக்கும். விறகு மிச்சம். கட்டடப் பொறியியலாளர் ஒருவரை அதே ஊரில் இருத்திக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார். எனவே ஊவாவில் சிக்கனமாக எரிபொருள் செலவழிக்கும் வீட்டைக் கட்ட நினைப்பவர் ஃபெங் சுயியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விடையை அல்ல, கேள்வியை: இந்த நிலத்தில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, நீர் எந்த வழியாகப் போகிறது?

முதலில் வெயில். பதுளை 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும் 60 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் வடக்கே 73 பாகையில். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் உச்சந்தலைக்கு நேரே. ஆகவே இங்கே தெற்கு வாசல், வடக்கு வாசல் என்று பேசுவதால் சூட்டிலோ குளிரிலோ பெரிய வித்தியாசமில்லை. வெயில் அதிகம் விழுவது சுவரில் அல்ல, கூரையில். தகரக் கூரையின் கொடுமை இரண்டு வகை. பகல் முழுக்க வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்கும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே உறங்குபவர்களின் மூச்சிலும் கொதிக்கும் கேத்தலிலும் எழுந்த ஈரம் அதன் அடிப்பக்கத்தில் வியர்த்து, விடியற்காலையில் போர்வையில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று நினைத்துத் தகரத்துக்குத் தார் பூசுபவர்கள் உண்டு, ஒழுகுவது மழையல்ல. மருந்து எளிது. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு சீலிங், அந்த இடைவெளிக்குள் காற்று நுழைந்து வெளியேற இரு முனையிலும் வலையடித்த துவாரம், தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு. வாசலை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் கிடைக்காத நிம்மதி இந்த மூன்றிலும் கிடைக்கும்.

காற்று இன்னும் சுவாரசியமானது. ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. வறண்ட காற்று இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் சூடேறும். மட்டக்களப்புப் பக்கம் இதைக் கச்சான் என்பார்கள் (கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் கடலைதான் நினைவுக்கு வரும்). இந்த உலர்காற்றில் தேயிலைச் செடி படும் பாட்டில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன, மருந்தெண்ணெய் போன்ற மணம் பிறக்கிறது. செடிக்கு நல்லது செய்வது வீட்டுக்கு நல்லது செய்ய வேண்டுமென்பதில்லை. அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைத்தொடரின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. காற்று அங்கே புனலில் ஊற்றியதுபோல் நெருக்கிக்கொண்டு பாயும். பதுளை நகரமோ 680 மீற்றரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில். உயரம் கூடக்கூட 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில், ஒரே மாவட்டத்தின் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஐந்து பாகை வித்தியாசம். ஒன்று குளிருக்கும் காற்றுக்கும் ஒடுங்க வேண்டிய வீடு, மற்றது காற்றுக்குத் திறக்க வேண்டிய வீடு.

இந்த இடத்தில் சீன மரபும் தமிழ் மரபும் நேருக்கு நேர் மோதுவதைக் கவனிக்கலாம். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவே கூடாது, வீட்டின் உயிர்ச்சக்தி ஓடிப்போய்விடும் என்கிறது ஃபெங் சுயி. பீக்கிங்கின் பழைய முற்றத்து வீடுகளில் வாசலுக்கு நேரே ஒரு தடுப்புச் சுவரே எழுப்பியிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளிலோ தெருவில் நின்று பார்த்தால் நிலைக்கதவு, முற்றம், கொல்லைக்கதவு எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். அப்படித் தெரிவதுதான் லட்சணம். இரண்டில் எது சரி? இரண்டும் சரி, அதனதன் ஊரில். குளிர்காற்று வீசும் ஊரில் நேர்கோடு வீட்டுச் சூட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும். வெக்கை ஊரில் அதே நேர்கோடு விசிறி வேலை செய்யும். உயிர்ச்சக்தி என்று சீனர் சொன்னதைச் சூடு என்று வாசித்தால் விதி விளங்கிவிடுகிறது. அப்புத்தளை வீட்டுக்குச் சீன விதி பொருந்தும், பதுளை வீட்டுக்குத் தமிழ் விதி. மேலே அப்புத்தளையில், மேற்கிலும் தென்மேற்கிலும் திறப்புகளைக் குறைத்து, வாசலைக் கிழக்கே வைத்தால் ஆடிக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலை வெயிலை வாங்கலாம். மனையடி சாஸ்திரக்காரர்களும் கிழக்கு வாசல்தான் கேட்பார்கள். இங்கே அவர்கள் சொல்வதும் காற்று சொல்வதும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் கிழக்கு வாசலுக்கு முன்னால் ஆழமான இஸ்தோப்பு வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் அது லயத்தின் அடையாளம் என்று வெறுத்து நீக்கிவிடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் லயத்தில் உருப்படியாக இருந்த ஒரே பகுதி அதுதான்.

தோட்டத்து வீட்டின் எரிபொருள் கணக்கில் பெரிய செலவு விளக்கல்ல, அடுப்பு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வரும் மிலாறு, நிழல் மரங்களின் கிளைகள், இவைதான் விறகு. அடுப்பு வாசலுக்கு நேரே இருக்கக்கூடாது என்பது ஃபெங் சுயி. அக்கினி மூலை என்பது மனையடி. முன்னதன் காரணம் கண்ணுக்குத் தெரிவது: வாசற்காற்று நேரே அடித்தால் தீ அலையும், சூடு பானையில் ஏறாது, விறகு இரட்டிப்பாகும். ஊவாவின் மேட்டுத் தோட்டங்களில் சமையலறை மேற்கே இருந்தால் ஆடி மாதப் புகை முழுவதும் படுக்கையறைக்கே வரும். காற்று மறைவான பக்கத்தில் வைப்பதே உசிதம். அதோடு மூன்று கல் அடுப்பை விட்டு அனகி அடுப்புக்கு மாறுவது. 1980களில் இலங்கையில் பரவிய, இரண்டு பானை வைக்கும் இந்தக் களிமண் அடுப்பில் முதல் வாயில் எரிந்த தீயின் மிச்சச் சூடு இரண்டாவது பானைக்குப் போகிறது. அதற்கு மேல் ஒரு புகைபோக்கி. ஒரு கட்டு மிலாறு தலையில் ஏறும் தூரத்தை அறிந்தவருக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

இனி நீர். பின்னால் மலை இருப்பது நல்லது என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஊவாவுக்குக் கொண்டுவந்தால் அது உயிரைக் குடிக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் லயங்களின் மேல் இறங்கியது அவற்றுக்குப் பின்னாலிருந்த மலைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல சரிவுகள் இடிந்தன. ஆனால் சீன மரபை இதற்காகக் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஹொங்கொங்கின் பழைய கிராமங்களில், வீடுகளுக்குப் பின்னாலுள்ள சரிவில் ஒரு காடு இருக்கும். ஃபெங் சுயிக் காடு என்றே அதற்குப் பெயர். அதில் கோடாரி வைக்கக்கூடாது. அதன் வேர்கள் சரிவைப் பிடித்துக்கொண்டிருந்தன. மலை வேண்டும் என்ற விதியோடு கூடவே மலை காடாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஊவாவில் அந்தக் காடுகள் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. லயத்துக்காகச் சரிவின் அடியையே வெட்டித் தட்டையாக்கினார்கள். எனவே இங்கே கேட்க வேண்டியது மலை எந்தத் திசையில் என்பதல்ல, அதன் வயிற்றில் இறங்கும் மழை எங்கே வெளிவருகிறது என்பது. மேலே இருக்கும் காணு இலை அடைத்துக் கிடக்கிறதா? நிலத்தில் விரல் நுழையும் வெடிப்பு உண்டா? மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று பிறந்திருக்கிறதா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே வீட்டுக்கு எரிபொருள் சிக்கனம் பேசுவது வீண்வேலை. இவை இல்லையென்றால் பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஆள் நடமாட இடம் விட்டு, சீமெந்து பூசிய காணு, சரிவில் வெட்டிவேர்ப் புல்.

இப்படி ஒவ்வொரு விதியையும் பௌதிகமாகப் பெயர்த்துவிட்டால் பிறகு ஃபெங் சுயி எதற்கு, நேரே கட்டடக்கலையையே பேசலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயிர்ச்சக்தி என்ற ஒன்றை எந்தக் கருவியும் அளந்ததில்லை. தேரைப் பொம்மையால் மின்கட்டணம் குறையாது. ஆயினும் வீடு கட்டுபவர் வரைபடக்காரரிடம் போவதற்கு முன்பே வாஸ்து பார்ப்பவரிடம் போய்விடுகிறார் என்பது கண்கூடு. திசையைப் பற்றி ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கிவிட்ட ஒருவரிடம், அந்தத் திசையில் ஆடி மாதம் என்ன நடக்கிறது என்று கேட்பது எளிது. சாமித்தட்டு கிழக்கே இருக்கட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை. சாஸ்திரத்துக்காக யன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு வேறு. லயத்தில் இருப்பவருக்கு நிலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை எங்கே இருக்கிறது? கிடைத்துவந்தது 7 பேர்ச்சஸ் காணி, சுமார் 1,900 சதுர அடி. அதையும் காட்டியது தோட்ட நிர்வாகம். இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு வந்த வீடுகள் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வரிசையில் நிற்கும் குடும்பத்திடம் காற்றைப் பார்த்து வாசல் வை என்று உபதேசிப்பது கேலியாகிவிடும். உண்மைதான், ஆனால் அதனாலேயே கேள்வி குடும்பத்திடமிருந்து திட்டம் போடுபவரிடம் நகர்கிறது. ஒரே வரைபடத்தை அப்புத்தளைக்கும் பசறைக்கும் பூனாகலைக்கும் அச்சடித்து அனுப்புவதால் மிச்சமாவது காகிதம் மட்டுமே. அதே 550 சதுர அடியை, அதே கல்லையும் தகரத்தையும் வைத்து, மேட்டுக்கு ஒன்று பள்ளத்துக்கு ஒன்று என்று இரண்டு வரைபடமாகப் போடலாம். ஒன்றில் வாசல்கள் விலகி நிற்கும், மற்றதில் நேர்கோட்டில். நில அளவையாளர் முளை அடிக்குமுன் ஆடியில் ஒரு நாளும் ஐப்பசி மழையில் ஒரு நாளும் அந்தக் காணியில் போய் நின்று, காற்று வரும் பக்கத்தையும் தண்ணீர் ஓடும் தடத்தையும் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். முளை அடித்த பிறகு வீட்டைத் திருப்ப முடியாது. அதற்கு முன்னால் காகிதத்தைத் திருப்பச் செலவேயில்லை.