கொடைக்கானலுக்கு அந்தக் குழந்தையும் வரட்டும்!

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்படும் வழக்கம் நம்மவரிடையே பெருகியுள்ளது. ஆயினும், ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் சில வீடுகளில் மற்றவர்கள் மலையேற, உம்மாவும் அக்குழந்தையும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். “கூட்டத்தில் கத்தும், வெளியில் கொடுப்பதை உண்ணாது” என்று காரணம் கூறப்படுகிறது. அக்குழந்தையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அன்றோ!

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. கண்ணூறோ, தாயின் வளர்ப்புக் குறையோ அதற்குக் காரணமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைப் பட்டியலில் சேர்த்துள்ளது. இக்குழந்தைகளில் பலருக்குப் பேரொலியும், நெரிசலும், எதிர்பாராத மாற்றமும் தாங்கவொண்ணாதவை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களையும் வார இறுதியையும் தவிர்ப்பது நலம். போகும் பாதை, ஏரி, தங்கும் அறை ஆகியவற்றின் படங்களை வரிசையாக முன்னரே காட்டிப் பழக்குங்கள். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது. அதனை வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் சாவடியில் காத்திருப்பது குறையும்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைப்பாதையில் ஏறும்போது காது அடைக்கும். அதைச் சொல்லத் தெரியாத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழும். பிடிவாதம் என்று கடியாதீர்கள். அவ்வப்போது சிறிது நீர் பருகக் கொடுங்கள். வாந்திக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். புதிய கம்பளிச் சட்டையின் உறுத்தலையும் சில பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள். ஊரிலேயே அணிவித்துப் பாருங்கள்.

1863-இல் அமைக்கப்பட்ட ஏரியின் ஓரத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இக்குழந்தைகளில் பலர் தண்ணீரால் ஈர்க்கப்பட்டுச் சொல்லாமல் சென்றுவிடக் கூடியவர்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கைப்பட்டையில் எழுதிக் கட்டுங்கள். பிரையண்ட் பூங்காவுக்குக் கூட்டம் சேருமுன் காலையிலேயே செல்லலாம்.

இனி உணவு. ஓட்டலில் ‘ஹலால்’ பலகை இருப்பது மட்டும் இவர்களுக்குப் போதாது. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயோ, பால் ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்குச் சிறு துணுக்கும் தீங்காகலாம். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அது சாம்பார், ரசம் வழியே வந்துவிடும். புரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். கொடைக்கானல் சாக்லேட்டில் பால் இருக்கக்கூடும். ஆதலால் சமையலறையுள்ள தங்குமிடம் பார்த்து, அரிசி, இடியாப்ப மாவு, பிள்ளைக்குப் பழகிய தட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வெள்ளி அருவியருகே உணவுப் பையைத் திறக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும்.

கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் நீங்கும் என்பது மருத்துவ ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் வளரும் உடலுக்குச் சத்துக் குறையும்.

பயணிக்குத் தொழுகையிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. அவ்வாறே பிள்ளைக்கும் சலுகை கொடுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் பார்த்தால் போதும். களைத்தால் அறைக்குத் திரும்பிவிடலாம்.

மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வழியில் இத்தகைய பிள்ளை அலறுவதைக் கண்டால் உற்றுப் பார்க்காமல், அறிவுரை கூறாமல், “உதவி வேண்டுமா?” என்று மெல்லக் கேளுங்கள். அந்த உம்மாவின் பாரத்தை அது குறைக்கும். வல்ல ரஹ்மான் அதற்குரிய நற்கூலியை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.