பரணில் தூங்கும் ஸ்கூபா கிட்... மறுபடியும் கடலில் இறக்கலாமா?

துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்த்த காலத்தில், வார விடுமுறைகளில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது டி.வி., கம்பளி, பால் பவுடர் டின்களோடு டைவிங் கிட்டும் கார்கோவில் வந்து சேரும். வந்த புதிதில் ஒன்றிரண்டு முறை கடலுக்குப் போயிருப்பார்கள். பிறகு குழந்தைகள், ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கடன். கிட் பரணுக்குப் போய்விடும்.

பதினைந்து வருடம் கழித்து, புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டு வந்த மகள் கேட்கிறாள்: "அப்பா, உங்க செட் சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துக்கட்டுமா?"

இறக்கித் தூசி தட்டினால் எல்லாம் புதுசு போலவே இருக்கிறது. சிலிண்டரில் பெரிய கீறல்கூட இல்லை. கேஜை மாட்டிப் பார்த்தால் முள் 150 பாரில் நிற்கிறது. "பாத்தியா, அடைச்ச காத்துகூட அப்படியே இருக்கு!" என்று அப்பாவுக்குப் பெருமை.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் காற்றைத்தான்.

காற்று இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறதா?

ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது சுத்தமான ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள். அதில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவிகிதம்.

சிலிண்டர் ஸ்டீலாக இருந்து, உள்ளே கொஞ்சம் ஈரமும் புகுந்திருந்தால் துருப்பிடிக்கும். துரு பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். வெளிக்காற்று வராத அந்தக் கூட்டுக்குள், வருடக்கணக்கில், துரு ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜன். இருந்த ஆக்ஸிஜன் மொத்தமும் போனால்கூட கேஜ் முள் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கும். அது காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு மூச்சு முட்டாது என்பதுதான் கொடுமை. மூச்சுத்திணறல் உணர்வை முக்கியமாகத் தூண்டுவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடு. அதை அவர் ஒழுங்காக வெளியே விட்டுக்கொண்டேதான் இருப்பார். அதனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பலாம். இன்னொன்றும் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால், ஆக்ஸிஜன் பாதியாகக் குறைந்த காற்றே அங்கே உடம்புக்குப் போதும். மேலே ஏறும்போதுதான் போதாமல் போகும். ஆழத்தில் மீன்களை ரசித்துக்கொண்டிருந்தவர், நீர்மட்டத்தை நெருங்கும்போது மயங்குவார்.

அலுமினிய சிலிண்டரில் இப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும் எந்த சிலிண்டராக இருந்தாலும் பழைய காற்று வேண்டாம். திறந்தவெளியில் வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள். வால்வைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கார் டயரைப்போல நூறு மடங்கு

கார் டயரில் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. பரவலாகப் புழங்கும் அலுமினிய ஸ்கூபா சிலிண்டரில் 3,000. ஒரு குடத்தளவு இடத்தில், அதாவது சுமார் 11 லிட்டரில், ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இது வெடித்தால் யாருக்கு ஆபத்து? கடலுக்கடியில் அதை முதுகில் சுமப்பவருக்கு என்றுதான் தோன்றும். ஆனால் பலவீனமான சிலிண்டர் பெரும்பாலும் உடைவது கரையில், காற்று நிரப்பும்போது. கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் ஊழியருக்குத்தான் முதல் அடி. ஆகவே 'ரிஸ்க் என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. டைவிங் சென்டர்காரர் உங்கள் சிலிண்டரைப் பார்த்துவிட்டு நிரப்ப மறுத்தால், கோபப்படாதீர்கள்.

அவர் முதலில் பார்ப்பது சிலிண்டரின் தோள்பட்டையை. சமையல் கேஸ் சிலிண்டரில் அடுத்த சோதனைக்கான கெடு 'ஏ', 'பி' என்று எழுத்தோடும் வருடத்தோடும் இருக்கிறதல்லவா? ஸ்கூபா சிலிண்டரில் கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் நடந்த மாதமும் வருடமும் உலோகத்திலேயே அடிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க விதிப்படி 5 வருடத்துக்கு ஒருமுறை அந்த டெஸ்ட். அதுபோக, வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, உள்ளே லைட் விட்டுத் துருவும் குழியும் இருக்கிறதா என்று பார்ப்பது டைவிங் உலக வழக்கம்.

ஹைட்ரோ டெஸ்ட்டில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றுவார்கள். 3,000 பி.எஸ்.ஐ. சிலிண்டருக்கு 5,000 வரை. அப்போது உலோகம் மயிரிழை அளவு உப்பும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். உப்பியதில் 10 சதவிகிதத்துக்கு மேல் அப்படியே நின்றுவிட்டால் சிலிண்டர் ஃபெயில். இந்தியாவில் இந்தச் சோதனையும் நிரப்புதலும் 2016-ம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' எனும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதைக் கவனிக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய சிலிண்டர் என்றால், இங்கே சோதித்து நிரப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

டெஸ்ட் தேதி தாண்டியதாலேயே ஒரு சிலிண்டர் குப்பை ஆகிவிடாது. நன்றாகப் பராமரித்த சிலிண்டர் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் 1990-க்கு முன் தயாரான அலுமினிய சிலிண்டர்கள் பலவற்றில் '6351' என்ற உலோகக் கலவை இருந்தது. அவற்றில் சிலவற்றின் கழுத்தில், திருகு மரை இருக்கும் இடத்தில், நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, நிரப்பும்போது வெடித்திருக்கின்றன. அவற்றுக்கு எடி கரண்ட் என்ற தனிச் சோதனை உண்டு. பல சென்டர்களில் வருடத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். 'பெயின்ட் உரிந்திருக்கிறதே, பவுடர் கோட்டிங் கொடுத்துப் புதுசாக்கிவிடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். பவுடர் கோட்டிங் செய்ய அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் அலுமினியத்தின் பலம் போய்விடும். பளபளவென்று வரும் சிலிண்டர், முன்பிருந்ததைவிட ஆபத்தானதாக வரும்.

குக்கர் காஸ்கெட் சொல்லும் கதை

'யூஸ் பண்ணாம வெச்சிருந்தா தேயாதே' என்று கேட்கலாம். உபரியாக வாங்கி அலமாரியில் வைத்த குக்கர் காஸ்கெட்டை ஐந்தாறு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். விறைத்துப் போயிருக்கும். டிராயரில் கிடக்கும் ரப்பர் பேண்ட் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர், சும்மா இருந்தாலும் கெடும். பரணின் வெயில் சூட்டில் இன்னும் சீக்கிரம் கெடும்.

ரெகுலேட்டர் முழுக்க இப்படிப்பட்ட சின்னச் சின்ன ரப்பர் பாகங்கள்தான். சிலிண்டரோடு சேரும் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' 200 பார் அழுத்தத்தைச் சுமார் 10 பாராகக் குறைக்கிறது. வாயில் வைக்கும் 'செகண்ட் ஸ்டேஜ்' அதை, இருக்கும் ஆழத்துக்கேற்ப மூச்சுக் காற்றாக்கித் தருகிறது. நடுவே ஓ-ரிங், டயாஃப்ரம், சீட் என்று எது விறைத்தாலும் ஒழுகும். கடைசி டைவுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் சரியாக அலசாமல் வைத்திருந்தால், உப்புப் படிகமும் பச்சைக் களிம்பும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மவுத்பீஸ் துவாரம் நம் ஊர்க் குளவிக்குத் தோதான இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்ல சேதி, பெரும்பாலான ரெகுலேட்டர்கள் பழுதானால் காற்றை நிறுத்தாது, கொட்டித் தள்ளும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் காற்று நான்கு மடங்கு வேகமாகத் தீரும் என்பதால், அந்தக் கொட்டலும் ஆபத்துதான்.

ஹோஸ் விஷயத்தில் வெளித்தோற்றத்தை நம்பவே கூடாது. வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் தூக்கிப்போட்டுவிடலாம். பின்னல் உறை போட்ட சில ஹோஸ்களிலோ, வெளியே புதுசு போலவே இருக்க, உள்பக்கப் பிளாஸ்டிக் குழாய் சிதைந்து படிகமாகி அடைத்துக்கொண்டதை 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்ற பாதுகாப்பு அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. பழைய செட் என்றால் எல்லா ஹோஸையும் மாற்றிவிடுவதுதான் சரி.

ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு ஆகும்?' அல்ல. 'இந்த மாடலுக்கு ஸ்பேர் கிட் இன்னும் வருகிறதா?' வரவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மற்றவை

மிதவை ஜாக்கெட்டான பி.சி.டி-யை நன்றாக ஊதி, ஓர் இரவு வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. காற்றேற்றும் பட்டனைப் பலமுறை அழுத்தி, விட்டதும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடலுக்கடியில் அது சிக்கிக்கொண்டால் ஜாக்கெட் உப்பி, ஆளை மேலே இழுத்துப் போய்விடும். 10 மீட்டரிலிருந்து மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலே கிழியலாம். பையின் உள்ளே பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மாஸ்க் மஞ்சளானால் பரவாயில்லை, பட்டை மட்டும் புதுசு போடலாம். துடுப்பின் அடிப்பாகம் பிய்யாமல் இருந்தால் சரி. வெட்சூட் விறைத்திருந்தால் குளிரும், அவ்வளவுதான். டைவ் கம்ப்யூட்டருக்கு பேட்டரியும் சீலும் மாற்றி, ஆழத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், முதல் முயற்சி நீச்சல் குளத்தில்.

மகளோடு அப்பாவும் கிளம்புகிறார் என்றால், பதினைந்து வருடம் சும்மா இருந்தது கிட் மட்டுமல்ல. டைவிங் மரணங்களில் இதயக் கோளாறு ஒரு முக்கியக் காரணம். 45 வயதைக் கடந்தவர்களுக்கு டைவிங் மருத்துவப் படிவத்தில் தனிக் கேள்விகளே இருக்கின்றன. ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் வாரத்திலேயே அப்பாவும் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒரு ரெஃப்ரெஷர் வகுப்பில் சேர்ந்துவிடலாம்.

சிலிண்டர் டெஸ்ட்டில் ஃபெயிலானால்? முழுதாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். விவரம் தெரியாத யாராவது வாங்கி மறுபடி நிரப்பிவிடக்கூடும். சோதனை மையத்திலேயே காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைக் கழற்றி, அறுத்துத் தரச் சொல்லுங்கள். மேல்பாதியை மணியாகத் தொங்கவிடுவது டைவர்களிடையே பழைய பழக்கம். மரச்சுத்தியால் தட்டினால், தெருமுனை வரை கேட்கும்.