விமானம் வாங்குறது சுலபம், தீனி போடுறதுதான் கஷ்டம்: சக்கரம் மடக்கும் குட்டி விமானத்துக்கு என்ன செலவு?

அம்பத்தூர்: கள்ளிக்குப்பம், புதூர், ஒரகடம் பக்கம் இப்போ பிளஸ்-2 முடித்த பிள்ளைகளில் நாலு பேரைக் கேட்டால் ஒருத்தராவது "பைலட் ஆகணும்" என்கிறார்கள். கேட்கும் அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் அல்லது ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பயிற்சிக்கு 50 லட்சம் என்றதும் தலை சுற்றுகிறது. "அப்படி என்னங்க செலவு, ஒரு சின்ன பிளேன்தானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த 50 லட்சத்தில் பெரும்பகுதி விமானத்தின் மணிக்கணக்கு வாடகைதான். அந்த வாடகை எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏமாறாமல் இருக்கலாம்.

நம்ம ஊருக்கு விமானம் புதுசு இல்லை. மெட்ராஸ் பிளையிங் கிளப் மீனம்பாக்கத்தில் 1930-லேயே தொடங்கியது. பக்கத்து சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை இருந்தது. பின்னாளில் அதில் கார் ரேஸ் விட்டார்கள், அது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

சக்கரத்தை ஏன் மடக்கணும்?

குட்டி விமானத்தில் ரெண்டு ரகம். ஒன்று, சக்கரம் எப்போதும் வெளியே தொங்கும். செஸ்னா 172 இந்த ரகம். இன்னொன்று, மேலே ஏறியதும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளும். தொங்கும் சக்கரம் காற்றைத் தடுக்கும். மடக்கினால் தடை குறையும், வேகம் கூடும்.

கணக்கு பாருங்கள். செஸ்னா 172 மணிக்கு சுமார் 225 கிலோ மீட்டர் போகும், 34 லிட்டர் போல குடிக்கும். லிட்டருக்கு ஆறரை கிலோ மீட்டர். சக்கரம் மடக்கும் பைப்பர் ஆரோ 200 குதிரைசக்தி எஞ்சினோடு மணிக்கு 250 கிலோ மீட்டர் போகும், 40 லிட்டர் குடிக்கும். மைலேஜில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூனி எம்.20 ஜே என்ற விமானம் இருக்கிறது பாருங்கள், அதே 200 குதிரைசக்தி, அதே 40 லிட்டர், மணிக்கு 290 கிலோ மீட்டர் ஓடுகிறது! உடம்பை ஒல்லியாக வழுவழுவென்று செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். லிட்டருக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல் வருகிறது. 1947-ல் இருந்து விற்ற பீச்கிராப்ட் பொனான்சா பெரிய எஞ்சின்காரன். 310 கிலோ மீட்டர் வேகம், 55 லிட்டர் தீனி.

அப்போ மூனி வாங்கினால் லாபம்தானே? இங்கேதான் கதையே இருக்கிறது.

வருஷத்துக்கு 22,500 கிலோ மீட்டர் பறப்பதாக வைத்துக்கொள்வோம். செஸ்னாவுக்கு 100 மணி நேரம், 3,400 லிட்டர். மூனிக்கு 78 மணி நேரம் போதும், 3,100 லிட்டர். மிச்சம் 300 லிட்டர். ஆனால் மூனியை வருஷா வருஷம் ஜாக்கி போட்டு தூக்கி, சக்கரத்தை மடக்கி விரித்து பார்க்கணும். மோட்டார், சுவிட்ச், ரப்பர் பிஸ்கட், கதவு எல்லாம் சோதிக்கணும். இறக்கையின் கோணத்தை மாற்றும் காற்றாடிக்கு தனி ஓவர்ஹால். மிச்சம் பிடித்த 300 லிட்டர் காசு அதிலேயே போயிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இறங்கும்போது சக்கரத்தை விரிக்க மறந்துட்டா? சிரிக்காதீங்க, உலகம் பூரா நடப்பதுதான். விமானம் வயிற்றால் உரசும், காற்றாடி தரையில் அடித்து வளையும். ஆள் பிழைத்தாலும் எஞ்சினை முழுசா பிரித்துப் பார்த்துத்தான் ஆகணும். அதனால் இந்த ரகத்துக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம். இப்போ சிர்ரஸ் எஸ்.ஆர்.22 என்ற விமானம் சக்கரத்தை மடக்காமலேயே பொனான்சாவை விட வேகமாகப் போகிறது. தனி ஆட்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

நின்றாலும் செலவு

ஆட்டோவுக்கு எப்.சி. மாதிரி, விமானத்துக்கு ஆண்டுதோறும் பறக்கும் தகுதிச் சான்று புதுப்பிக்கணும். 50 மணி, 100 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ். கையெழுத்து போட லைசென்ஸ் உள்ள எஞ்சினீயர் வேணும், நம்ம தெருமுனை மெக்கானிக் தொட முடியாது. நிறுத்துகிற இடத்துக்கு வாடகை, இன்சூரன்ஸ். இதெல்லாம் பறந்தாலும் உண்டு, பறக்காவிட்டாலும் உண்டு.

இந்தச் செலவு வருஷம் 15 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். முதலாளி 50 மணி நேரம்தான் ஓட்டினால் மணிக்கு 30,000 ரூபாய் விழும். 500 மணி ஓடினால் வெறும் 3,000. ஷெட்டில் நிற்கிற லாரிக்கு டியூ கட்டிய யாருக்கும் இது புரியும். எஞ்சினுக்கும் ஆயுள் உண்டு. 200 குதிரைசக்தி லைகாமிங் எஞ்சினுக்கு 2,000 மணி நேரம். அப்புறம் ஓவர்ஹால். அது 30 லட்சம் என்றால் மணிக்கு 1,500 ரூபாய் உண்டியலில் போட்டு வரணும். போடாமல் ஓட்டியவர் அன்றைக்கு முழிப்பார்.

வரியும் சேர்த்துக்கோங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு 28 சதவீதமும் 3 சதவீத செஸ்ஸும் இருந்தது. பெட்ரோல் எஞ்சின் விமானம் குடிப்பது அவ்காஸ் என்ற தனி பெட்ரோல். முன்பு முழுக்க வெளிநாட்டில் இருந்து வந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பித்தது.

நம்ம பிள்ளைக்கு இதில் என்ன?

கமர்ஷியல் பைலட் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறக்கணும். பெரும்பகுதி ஒற்றை எஞ்சின், மடங்காத சக்கரம். ஆனால் ஏர்லைன்ஸ் வேலைக்கு ரெட்டை எஞ்சினிலும் பழகணும், பல பள்ளிகளில் அது 15 மணி நேரம் போல. அந்த ரெட்டை எஞ்சின் எல்லாம் பெரும்பாலும் சக்கரம் மடக்குபவைதான். பைப்பர் செனிகா ரெண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 85, 90 லிட்டர் அவ்காஸ் குடிக்கும். டயமண்ட் டி.ஏ.42 பெரிய விமானம் குடிக்கும் ஏ.டி.எப்.-லேயே ஓடும், 45 லிட்டர் போதும். ரேபரேலி பக்கம் பர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் பயிற்சி அகாடமியில் டி.ஏ.42 இருக்கிறது. எந்த விமானம் என்று கேட்காமல் பீஸை மட்டும் பேசாதீங்க.

பள்ளியில் 10 விமானம் நிற்கும். பறக்கிற நிலையில் எத்தனை என்பதுதான் கேள்வி. இருப்பதே ஒரே ஒரு ரெட்டை எஞ்சின், அதுவும் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தால் பிள்ளை ஹாஸ்டல் வாடகை கொடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் உட்காரணும். வங்கிக் கடன் வட்டி மட்டும் நிற்காது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள், ஞாபகம் இருக்கட்டும்.

2025-ல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து முதல் பட்டியல் விட்டது. ஏ பிளஸ், ஏ ரெண்டிலும் ஒரு பள்ளிகூட இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு போங்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள், பறந்த மணிக்கு ஏற்ப தவணையில் கட்ட எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் கிடைத்த பிறகு பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்று இன்னும் பல லட்சம் தனியாக உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் மெடிக்கல் பார்த்துவிடுங்கள். கண், காது, இதயத்தில் ஏதாவது சிக்கல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அதுக்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான்.