வால்யூம் பொத்தானுக்குப் பின்னால் ஒரு மெமரி லீக்

லினக்ஸ் கணினியில் வால்யூம் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சின்னப் பட்டை தோன்றி மறைகிறது. அதற்கென்றே சில டெஸ்க்டாப்களில் பின்னணியில் தனியாக ஒரு நிரல் விழித்திருக்கும். இந்த ரக நிரல்களை 'டீமன்' என்பார்கள். செய்யும் வேலைக்குக் கொஞ்சம் மெமரி போதும். ஆனால் வாரக்கணக்கில் அணைக்காத கணினியில் 'டாப்' கட்டளை கொடுத்துப் பார்த்தால், இந்தச் சுண்டைக்காய் நிரல் நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கியிருப்பதும் உண்டு.

சி மொழியில் 'மாலக்' சொல்லி வாங்கிய மெமரியை 'ஃப்ரீ' சொல்லித் திருப்பித் தருவது நிரலரின் பொறுப்பு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பட்டையின் படம், அறிவிப்பு, ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோ தரும் பதில் என்று சில துண்டுகள் உருவாகின்றன. ஒன்றை விடுவிக்க மறந்தால் போதும், அதுதான் மெமரி லீக். பொத்தானை அழுத்திப் பிடித்தால், விசை அழுத்தல்களைக் கையாளும் எக்ஸ் சர்வர் வழக்கமாக நொடிக்கு 25 தடவை அழுத்தியதாகச் சொல்லும். தடவைக்கு 4 கிலோபைட் ஒழுகினால் நொடிக்கு 100 கிலோபைட் போச்சு. பிரவுசரையாவது அவ்வப்போது மூடுகிறோம். டீமனை யார் மூடுகிறார்கள்?

டாப் காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. விடுவித்த மெமரியை, மாலக்கைத் தரும் ஜிலிப்சி நூலகம் உடனே கர்னலிடம் ஒப்படைக்காமல் அடுத்த தேவைக்கென்று வைத்துக்கொள்ளும். அப்படியானால் எண் ஏறி ஓரிடத்தில் நிற்கும். லீக் என்றால் நிற்கவே நிற்காது.

இங்கே கைகொடுப்பது, நிரலின் மெமரிக் கணக்கைச் சரிபார்க்கும் வால்கிரைண்ட். பிஜிப்2 சுருக்கு மென்பொருளை எழுதிய ஜூலியன் சீவர்டின் கைவண்ணம், 2002-இல் வெளிவந்தது. இதற்குள் ஓடும் நிரல் 10 முதல் 30 மடங்கு வரை மந்தமாகும். ஒலி சர்வரையே இப்படி ஓட்டினால் பாட்டு விக்கும். வால்யூம் டீமனில் பட்டை தாமதமாக வரும், அவ்வளவுதான்.

கெட்டிக்காரத்தனம் எண்ணிக்கையில் இருக்கிறது. விசை அழுத்தலைப் பாவனை செய்யும் எக்ஸ்டூடூல் கொண்டு பொத்தானைச் சரியாக 1000 தடவை 'அழுத்த' வைக்க வேண்டும். வால்கிரைண்ட் அறிக்கையில் 'டெஃபினட்லி லாஸ்ட்' (நிச்சயம் தொலைந்தது) என்ற பிரிவில் 1000 துண்டுகள் என்றொரு வரி வந்தால் ஆள் அகப்பட்டாயிற்று: அழுத்தலுக்கு ஒன்று. அந்த மெமரியை எந்த ஃபங்ஷன் வாங்கியது என்பதும் கீழேயே இருக்கும். முடியும்போதும் நிரல் கைவசம் வைத்திருந்த மெமரியைச் சொல்லும் 'ஸ்டில் ரீச்சபிள்' பட்டியலில் புதியவர்கள் நாள்முழுக்க மூழ்குவார்கள், பெரும்பாலும் வீண்வேலை.

திருத்தம் பல நேரம் ஒரே வரி. அதைத் தவறான இடத்தில் போட்டால், விடுவித்த மெமரியை மறுபடி தொட்டு டீமன் செத்துவிழும்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வழி உண்டு. பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் டீமன் ஓடினால், இத்தனை மெகாபைட்டுக்கு மேல் போகாதே என்று வரம்பு போட்டு, மீறிச் செத்தால் மறுபடி எழுப்பவும் சொல்லிவைக்கலாம். ஒலி சர்வர் தனி நிரல் என்பதால் பாட்டு நிற்காது.